கக்கூஸில் நடந்த பரீட்சை

"ஏனுங்க அத்தை, உங்க ஊட்டுக் கக்கூஸை எனக்குப் பரிட்சைக்குத் தர்றீங்களா?"

கொட்டச்சேடு பஸ் நிறுத்தத்தில், ஏற்காட்டுக்குப் போகிற காலை பஸ்ஸுக்காக நின்ற அத்தனை பேர் முன்னாலும் அவள் என்னிடம் இப்படிக் கேட்டாள். மெதுவாகக் கேட்க அவளுக்கு வராது. எதிர்ச் சரிவில் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். டீக்கடைக்காரர் டம்ளர் கழுவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"பரிட்சைக்குக் கக்கூஸா? ஏம்மா, உள்ள குந்திக்கிட்டுத்தான் எழுதுவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, சந்தைக்குப் போக வந்ததையும் மறந்து, வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அவளுக்குப் பதிலும் சொல்லவில்லை.

நான் அப்படித்தான். வாசலில் ஆம்பளைக் குரல் கேட்டால் சமையல் கட்டுக்குள் போய்விடுவேன். ரேஷன் கடையில் எடை குறைந்தாலும் கேட்க மாட்டேன். என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர் பேசினார். அவர் போன பிறகு மகன் பேசினான். மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு, பேச வேண்டிய இடத்துக்குப் போகாமலே இருக்கப் பழகிக்கொண்டேன்.

அவள் எனக்கு நேர் எதிர். அவளுடைய பேரை நான் எழுதப் போவதில்லை. எங்கள் ஊரில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. கேள்விக்காரி என்பார்கள். இப்போது அவள் இந்த மலையில் இல்லை. அவள் வீட்டுக்காரருக்கு வேலை மாறி, கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டார்கள். நாற்பதைத் தாண்டியவள், ஒல்லியான உடம்பு, வேகமான நடை. என் வீட்டிலிருந்து நாலைந்து வீடு தள்ளிக் குடியிருந்தாள்.

குடி வந்த புதிதில் என்னைத் தெருவில் பார்த்து அவள் பேசிய முதல் பேச்சே கேள்விதான். "ஏன் அத்தை, கீழயே பாத்துட்டு நடக்கறீங்க? எதாச்சும் தொலைச்சுட்டீங்களா?" என்றாள். நான் இல்லையென்று சொல்வதற்குள் அவளும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டாள். கம்மல் திருகாணியா, சாவியா என்று கேட்டுக்கொண்டே என் வீட்டு வாசல் வரை தேடிக்கொண்டு வந்தாள்.

பஸ் கண்டக்டரிடம், "இந்த வளைவுல மட்டும் எதுக்குங்க ரெண்டு வாட்டி ஆரன் அடிக்கிறாரு டிரைவரு?" என்று கேட்பாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவிடம், "இந்த மாத்திரை வயித்துக்குள்ள போயி, வலிக்கற எடம் தோள்பட்டைன்னு எப்படிங்க கண்டுபுடிக்குது?" என்று கேட்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பல்லைக் கடித்தார்கள். டாக்டர் அம்மா சிரித்துவிட்டு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். அவள் அந்தப் படத்தை எனக்கும் காட்டினாள். எனக்கும் அந்தச் சந்தேகம் வெகுநாளாக உண்டு. கேட்டதில்லை, அவ்வளவுதான்.

"எப்படிக் கண்ணு எல்லாருகிட்டயும் இப்படிக் கேக்கற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கேட்டா என்னங்க, வாயில இருக்கற முத்தா கொட்டிரும்?" என்றாள்.

ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை அவளுக்கு. சனி, ஞாயிறு வந்தால் கார்கள் வரிசையாக மலையேறி வரும். எல்லா அறையிலும் ஆள். அப்போது பார்த்துத்தான் ஒரு அறையில் குழாய் உடையும், இன்னொன்றில் கக்கூஸ் அடைத்துக்கொள்ளும். பிளம்பர் சேலத்திலிருந்து வர வேண்டும். போன் பண்ணினால், "வந்துட்டே இருக்கேன், மலை ஏறிட்டேன்" என்பாராம். எந்த வளைவில் ஏறிக்கொண்டிருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. தங்க வந்தவர்கள் முதலாளியைத் திட்ட மாட்டார்கள். வாளியும் துடைப்பமுமாக எதிரில் நிற்கிற இவளைத்தான் திட்டுவார்கள்.

ஒருமுறை அந்தப் பிளம்பர் வந்து குழாயைக் கழற்றும்போது, இவள் பக்கத்தில் உட்கார்ந்து, "உள்ள என்னங்க இருக்குது? நானும் பாக்கட்டுங்களா?" என்றிருக்கிறாள்.

"பாத்து என்ன பண்ணப் போற? பொம்பளைக்கு ஆகாத வேலை இது."

"ஏனுங்க ஆகாது?"

"ஆகாதுன்னா ஆகாது."

"அதான் ஏனுங்க?"

அவர் வேலை முடித்துப் போகும் வரை அந்த 'ஏனுங்க'வை அவள் விடவில்லை. அவர் போன பிறகு, அறையில் தங்கியிருந்த ஒரு அம்மாவிடம் போய், குழாய் வேலை எங்கே சொல்லித் தருவார்கள் என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மா போனில் தேடிப் பார்த்து, சென்னையில் ஓர் இடத்தில் வீட்டிலிருந்தபடியே பிளம்பர் படிப்பு படிக்கலாம் என்று சொன்னாராம். எட்டாவது தேறியிருந்தால் போதும். பாடப் புத்தகமும் சாமானும் தபாலில் வரும். வகுப்பு போனில் நடக்கும்.

"தபால்ல குழாய் வேலையா? நீச்சலும் தபால்ல சொல்லித் தருவாங்களா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"தெரியலீங்கண்ணா. விசாரிச்சுச் சொல்லட்டுங்களா?" என்றாள் அவள். கேலியென்று தெரிந்தாலும் அவள் பதில் அப்படித்தான் இருக்கும்.

எங்கள் சரிவில் போனுக்குச் சிக்னல் கிடையாது. மேலே காப்பித் தோட்டத்துக்குப் போகிற வளைவில் ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்றால் கிடைக்கும். வேலை முடிந்து வந்ததும் குடையும் போனும் புத்தகமுமாக அந்தப் பாறைக்குப் போய்விடுவாள். பனி இறங்கிய சாயங்காலங்களில் நான் பால் வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்தால், ஆளே தெரியாது. குடையும் குரலும் மட்டும்தான்.

"சார், ஒரு சந்தேகங்க."

போனுக்குள் கூடப் படிக்கிறவர்கள் முனகுவது எனக்கே கேட்கும். எல்லோரும் ஆம்பளைப் பையன்கள், வேறு வேறு ஊர்க்காரர்கள். "அக்கா, விடுங்கக்கா. டீ ஆறுதுக்கா," என்பான் ஒருவன். "நீ குடி சாமி, நான் கேட்டுக்கறேன்," என்பாள் இவள்.

ஒருநாள் அவள் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "சார், உங்க படத்துல டேங்கு மாடி மேல இருக்குது. எங்கூர்ல மாடியே இல்லீங்க. டேங்கு மலை மேல இருக்குது. பைப்பு பள்ளத்துல எறங்கி, மறுக்கா மேட்டுல ஏறி, அப்புறம் ஊட்டுக்கு வருது. அதுக்கு என்னங்க பண்றது?"

சார் கொஞ்சம் யோசித்தார். "நான் மலையில வேலை பாத்ததில்லைம்மா. விசாரிக்கிறேன்," என்றார்.

அதை ஏதோ பரிசு கிடைத்த மாதிரி என்னிடம் ஓடிவந்து சொன்னாள். "சாருக்கே தெரியலைங்களாமா அத்தை! தெரியலைன்னு நேரா சொல்லிப்போட்டாரு. நொம்ப நல்ல மனுசன்."

அவள் வீட்டுக் கொடியில் துணியோடு துணியாகப் பைப்புத் துண்டுகளும் தொங்கும். அறுத்து, பேஸ்ட் தடவி, ஒட்டி, காயப் போட்டு, பிறகு தண்ணீர் ஊற்றிப் பார்ப்பாள். ஒழுகினால் அறுத்துவிட்டு மறுபடி. அவள் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டினார். "ரசத்துலகூட பேஸ்ட் வாசம் அடிக்குது அத்தை," என்று என்னிடம் சொல்லிக்கொண்டே போவார். ஆனாலும் அவர்தான் வார வாரம் அவளுக்குப் பைப்பு அறுக்க ஆக்ஸா பிளேடு வாங்கி வந்தவர்.

படிப்பு முடிகிற நேரத்தில்தான் சிக்கல் வந்தது. கடைசிப் பரீட்சைக்கு, உண்மையான ஒரு வீட்டில் கக்கூஸுக்கு முழுசாகத் தண்ணீர் லைன் போட்டு, தண்ணீர் விட்டு, ஒழுகாமல் இருப்பதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். பொங்கலுக்குள் சார் அதைப் பார்த்து பாஸ் போட்டால் சர்டிபிகேட். இல்லையென்றால் எல்லாம் முதலிலிருந்து. லாட்ஜ் முதலாளி, சர்டிபிகேட் கொண்டுவந்தால் லாட்ஜின் குழாய் வேலை முழுக்க அவளுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். ஆனால் பரீட்சைக்கு ஒரு அறை கேட்டால், "கெஸ்ட் வர்ற எடம்மா" என்று சொல்லிவிட்டார். ஊரில் அவள் கேட்காத வீடில்லை. "செவுத்தை இடிச்சுப்போட்டீன்னா?" என்றார்கள். "மொதல்ல பாஸாயிட்டு வா, அப்புறம் பாக்கலாம்," என்றார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டுக் கடைசியாகத்தான் பஸ் நிறுத்தத்தில் என்னிடம் கேட்டாள்.

என் வீட்டுக் கக்கூஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசாங்கத்தில் கட்டிக் கொடுத்தது. ஆட்கள் வந்தார்கள், சுவர் எழுப்பி, பீங்கான் பதித்து, கதவு மாட்டி, கதவுக்குப் பக்கத்தில் என்னை நிற்க வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தண்ணீர் மட்டும் வரவில்லை. தெருக் குழாயிலிருந்து குடம் தூக்கி மேடேறி வந்து ஊற்ற என்னால் ஆகாது. அதனால் அதில் விறகு அடுக்கினேன். மழையில் நனையாத இடம் எனக்கு அது ஒன்றுதான். ஒரு மூலையில் கோழி அடைக்கு உட்கார்ந்தது. நான் எப்போதும் போல விடிவதற்குள் காப்பிச் செடிகளுக்குள் போய்வந்துகொண்டிருந்தேன். எங்கள் வரிசையில் பாதி வீட்டுக் கதை இதுதான். யாரும் வெளியே பேச மாட்டோம்.

பஸ் நிறுத்தத்தில் அவள் கேட்ட அடுத்த வாரம், நல்ல மழை. விடியும் முன் காப்பிச் செடிக்குள் போன என்னால் குந்திய இடத்திலிருந்து எழ முடியவில்லை. எனக்கு வலது முட்டி சரியாக மடங்காது. இடது கால் சேற்றில் வழுக்கிவிட்டது. கீழ்ச் செடிகளுக்குள் காட்டெருமை மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. கூப்பிடலாம். கூப்பிட்டால் யாராவது வருவார்கள். வருகிறவர்கள் என்னைப் பார்ப்பார்கள். அதனால் கூப்பிடவில்லை. நனைந்துகொண்டு அப்படியே கிடந்தேன்.

வேலைக்கு முதல் பஸ் பிடிக்கக் குறுக்கு வழியில் போன கேள்விக்காரி, டார்ச் வெளிச்சத்தில் என்னைப் பார்த்துவிட்டாள். உடனே டார்ச்சை அணைத்தாள். இருட்டிலேயே வந்து, என் புடவையைச் சரி செய்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். வீடு வரை தாங்கிக்கொண்டு வந்தாள். நான் அவளுடைய கேள்விக்காகப் பயந்துகொண்டே நடந்தேன். ஏன் இங்கே வந்தீர்கள், எவ்வளவு நேரமாகக் கிடக்கிறீர்கள், ஏன் கத்தவில்லை, கக்கூஸை வைத்துக்கொண்டு எதற்கு இப்படி. எதைக் கேட்டிருந்தாலும் நான் செத்திருப்பேன்.

அவள் ஒன்றுமே கேட்கவில்லை. நான் பார்த்து அவள் கேள்வி கேட்காதிருந்தது அன்றைக்குத்தான். வாசலில் விட்டுவிட்டு, "வெந்நி வெச்சு ஊத்திக்கோங்க அத்தை," என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

சாயங்காலம் நானே பாறைக்குப் போனேன். அவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தாள்.

"எடுத்துக்க கண்ணு," என்றேன்.

"என்னத்தைங்க அத்தை?"

"அதைத்தான்."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு பாறையிலிருந்து குதித்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். போனுக்குள் சார், "ஹலோ, லைன்ல இருக்கீங்களாம்மா?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

விறகை எடுத்தோம். கோழியை முட்டையோடு கூடையில் மாற்றினோம். லாட்ஜில் கழித்துப்போட்ட பைப்புகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி, அவள் வீட்டுக்காரர் டிராக்டரில் ஏற்றி வந்தார். எங்கள் வீடுகளுக்கு மேலே ஊற்றுத் தண்ணீர் நிற்கிற தொட்டி ஒன்று உண்டு. அங்கிருந்து காப்பிச் செடிகளுக்கு நடுவே பைப்பு வந்தது. லீவு நாட்களில் அவள் என் வீட்டில்தான் இருந்தாள். டீக்கடைக்காரர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "பாத்தும்மா, குழாயைத் திருவுனா லைட்டு எரியப் போகுது," என்றார்.

"எரிஞ்சா உங்க கடைக்கும் ஒரு லைன் தர்றேனுங்கண்ணா."

வேலை நடுவில் என்னைக் கூப்பிட்டு, "அத்தை, நீங்க எந்தக் கையை ஊனி எந்திரிப்பீங்க?" என்று கேட்டாள்.

"இதென்ன கேள்வி கண்ணு?"

"சொல்லுங்க. ஒரு வாட்டி உக்காந்து எந்திரிச்சுக் காட்டுங்க. நான் திரும்பிக்கறேன்."

காய்ந்த கக்கூஸில், புடவையோடு, அவள் சொன்னபடி உட்கார்ந்தேன். எழும்போது என் வலது கை தானாகச் சுவரைத் தேடியது. அது போய் ஒட்டிய இடத்தில் அவள் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். மறுபடி உட்காரச் சொன்னாள். மறுபடி கோடு. பிறகு பழைய இரும்புப் பைப்பு ஒன்றை, துரு போகத் தேய்த்து, இரண்டு முனையும் மூடி, அந்தக் கோட்டின் மேல் கெட்டியாகச் சுவரில் அடித்துப் பொருத்தினாள். பிடித்து எழுந்து பார்த்தேன். எழ முடிந்தது. முட்டி எங்கே வலிக்கிறது என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். எந்தக் கையை ஊன்றுவாய் என்று என்னை யாரும் கேட்டதில்லை.

தண்ணீர் திறந்துவிட்ட நாளில் ஊரே வந்து நின்றது. குழாய் 'புஸ்' என்று சீறியது. இரண்டு வாய் துப்பியது. அப்புறம் ஒன்றுமில்லை.

"தபால் தண்ணி, மெதுவாத்தான் வரும்," என்றார் டீக்கடைக்காரர்.

அவள் பைப்பில் காதை வைத்துக் கேட்டாள். எழுந்து, அத்தனை பேர் முன்னாலும், "எனக்குத் தெரியலீங்க. ஏன் வரலைன்னு யாருக்காச்சும் தெரியுங்களா?" என்றாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் முகத்தில் கூச்சமே இல்லை. எஸ்டேட்டில் காப்பிக்குத் தண்ணீர் தெளிக்கிற பைப்புகளைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தார். "மேட்டுல காத்து மாட்டியிருக்கும் பாப்பா. அது போறதுக்கு வழி வெச்சியா?" என்றார். "இல்லீங்க. எப்படிங்க வெக்கறது?" என்று அவரைக் கையோடு அழைத்துப் போனாள். பைப்பு ஏறி இறங்குகிற மேட்டில் ஒரு சின்னத் திருகு வைத்துத் திறந்ததும், விசில் அடிப்பது போல் காற்று போயிற்று. என் கக்கூஸில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. கோழி பயந்து பறந்தது. சாரும் விசாரித்துவிட்டுப் பிறகு அதையேதான் சொன்னாராம்.

வீடியோ எடுக்கப் போனைப் பிடிக்க ஆள் வேண்டும். அவள் வீட்டுக்காரர் டிராக்டரோடு போயிருந்தார். என் கையில் கொடுத்தாள். "என் கையையே பாத்துப் புடிங்க அத்தை. நிறுத்தக் கூடாது, ஒரே வீடியோவா வரோணும்," என்றாள். பிடித்தேன். பீங்கானுக்குப் பின்னால் இருக்கிற இணைப்பை முடுக்க, அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கால் முட்டிவரை தெரிந்தது. சென்னையில் இருக்கிற ஆம்பளை பார்க்கப் போகிறாரே என்று, நான் போனைச் சட்டென்று வாசல் பக்கம் திருப்பிவிட்டேன்.

அடுத்த நாள் சார் திருப்பி அனுப்பிவிட்டார். "முக்கியமான எடத்துல வானமும் ரெண்டு மரமும்தாம்மா தெரியுது," என்றாராம்.

"காலு தெரிஞ்சுது கண்ணு, அதான்..." என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த இணைப்பையெல்லாம் கழற்றி மறுபடி போட வேண்டும்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சாருக்குக் காலே இல்லீங்களா அத்தை?" என்றாள். ஆனால் அடுத்த முறை, வீட்டுக்காரரின் பேண்டை மாட்டி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். "இப்ப உங்களுக்குக் கூச்சமில்லீங்களே?" என்றாள். தெருவில் ஒரு கூட்டம் அதற்கும் சிரித்தது. நான் கையை அசைக்காமல் பிடித்தேன்.

வீடியோ போயிற்று. பொங்கலுக்கு முந்தின நாள் அவள் பாறையில் இருந்தபோது சார் கூப்பிட்டார். வேலை எல்லாம் சரி, ஆனால் ஒரு சந்தேகம் இருக்கிறது, அதை வீட்டுக்காரரிடமே போனில் முகம் பார்த்துக் கேட்க வேண்டும், படிக்கிறவர் குறுக்கே பேசக் கூடாது என்றாராம். வீட்டுக்காரர் என்றால் வீட்டுக்குச் சொந்தக்காரர், அதாவது நான்.

"நான் பேச மாட்டேன் கண்ணு," என்றேன். "டிராக்டர்க்காரரைச் சொல்லச் சொல்லு."

"அது அவரு ஊடு இல்லீங்களே அத்தை," என்றாள். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. குடையை எடுத்துக்கொண்டு நின்றாள். நானும் அவள் பின்னால் பாறைக்கு நடந்தேன்.

தூறிக்கொண்டிருந்தது. போனை என் முகத்துக்கு நேரே பிடித்து, குடையை என் தலைக்கு மேல் பிடித்து, அவள் தான் நனைந்துகொண்டு நின்றாள். போனில் கண்ணாடி போட்ட ஒரு முகம் தெரிந்தது.

"வணக்கம்மா. வீடு உங்களோடதா?"

தலையை ஆட்டினேன்.

"பனியில சரியாத் தெரியலம்மா. வாயால சொல்லுங்க."

"ஆமாங்க."

"தண்ணி வருதா? எங்கயாவது ஒழுகுதா?"

"வருதுங்க. ஒழுகலீங்க."

"வலது பக்கச் சுவத்துல ஒரு இரும்புப் பைப்பு இருக்கு. எந்த லைன்லயும் சேரல. ரெண்டு முனையும் மூடியிருக்கு. மிச்சமான பைப்பைச் சும்மா சுவத்துல அடிச்சு வெச்ச மாதிரி இருக்கு. அப்படின்னா அது தப்பான வேலைம்மா, நான் பாஸ் போட முடியாது. அது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, குடைக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசப் பிறந்தவள். ஒரு சொல் அவள் சொல்லக் கூடாது. தெரியாதுங்க என்று சொன்னால் நான் வீட்டுக்குப் போய்விடலாம். முன்பின் தெரியாத ஆம்பளையிடம் எப்படிச் சொல்வது? அவளுடைய புடவைத் தோள் நனைந்து ஒட்டியிருந்தது.

"சார்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எனக்கு வலது முட்டி சரியா மடங்காதுங்க. உக்காந்தா எந்திரிக்க முடியாது. எங்கூர்ல நாங்க எங்க போவோம்னு உங்களுக்குத் தெரியுங்களா? காப்பிச் செடிக்குள்ள போவோமுங்க. ஒருநா மழையில, அங்க குந்துனவ எந்திரிக்க முடியாம சேத்துலயே கெடந்தேன். பக்கத்துல காட்டெருமை நின்னுது. வெக்கத்துல ஆளைக் கூப்புடல. இந்தப் புள்ளதான் வந்து தூக்குச்சு."

நான் நிறுத்தவில்லை.

"அப்புறம் எந்தக் கையை ஊனி எந்திரிப்பீங்கன்னு கேட்டு, என்னைய உக்கார வெச்சு எந்திரிக்க வெச்சு, கை போற எடத்துல கோடு போட்டு, அங்க அந்தப் பைப்பை அடிச்சுதுங்க. அதுல தண்ணி வராதுங்க. அதைப் புடிச்சுட்டுத்தான் நான் தெனமும் எந்திரிக்கறேன். கழட்டோணும்னு சொன்னீங்கன்னா கழட்டச் சொல்றேன். ஆனா காலையில நீங்க வந்து என்னைய எந்திரிக்க வெக்கோணும்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது தெரிந்தது.

"எங்க அம்மாவும் ஊர்ல முட்டி வலியோட இருக்காங்கம்மா," என்றார். "பாத்ரூம் போறதுக்குத்தான் ரொம்பக் கஷ்டப்படறாங்க. சரி, இனி படிக்கிறவங்க பேசலாம். அந்தப் பைப்பு தரையில இருந்து எவ்வளவு உயரம்னு சொல்லுங்கம்மா, குறிச்சுக்கறேன்."

அவள் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். "அது ஆளுக்கு ஆளு மாறுங்க சார். உங்கம்மா எந்தக் கையை ஊனி எந்திரிப்பாங்க?"

சார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"தெரியலையேம்மா," என்றார் அவர். "ஊருக்குப் போய் அம்மாகிட்டக் கேக்கறேன்."

பாஸ் என்று அவர் சொன்னது அதற்குப் பிறகுதான். கேட்டதும் அவள் போனையும் குடையையும் என் கையில் திணித்துவிட்டு, பாறையை விட்டு இறங்கி, மழையில் நின்று முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். போனில் சார் இன்னும் இருந்தார். வைத்துவிடவும் எனக்குத் தெரியவில்லை.

"நொம்ப நன்றிங்க," என்றேன். சார் தனக்குத்தான் சொல்கிறேன் என்று நினைத்து, "பரவால்லம்மா" என்றார். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவளை.